வாயால் எழுதிய நிருபர்

செவ்வாய்க்கிழமை காலை கலிவரதனின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்துக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் அவர் மனைவி அஞ்சலாட்சியின் குரல். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஓராண்டாகவே அந்த எண்ணிலிருந்து பேசுவது அவர்தான். கணவர் சேகரித்த செய்தி ஏதாவது இருந்தால் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

"அண்ணே, போய்ட்டாருண்ணே" என்றார்.

நானும் வழக்கம்போலப் பேனாவை எடுத்து, "யாரும்மா, எந்த ஏரியா?" என்று கேட்டேன்.

"நம்ம வூட்லதாண்ணே" என்றார்.

பேனாவை மூடி வைத்தேன். ஆயுள் முழுக்கப் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து சாவுச் செய்தி வாங்கியவனுக்கு, வேண்டியவர் சாவையும் ஏரியா கேட்டு வாங்கத்தான் தெரிந்திருக்கிறது. என்ன பிழைப்போ இது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலிவரதன் புதுச்சேரியில் வெளியாகும் எங்கள் மாலைப் பத்திரிகையின் நிருபர். நான் அதே பத்திரிகையில் உதவி ஆசிரியன். அதாவது அவர் எழுதிக்கொண்டு வருவதை வெட்டுகிறவன். ஊரில் வெட்டு, குத்து, விபத்து, தீ, ஆலை வேலைநிறுத்தம், கோயில் திருவிழா எதுவானாலும் அவர் வண்டி முதலில் அங்கே நிற்கும். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு கலிவரதனும் கொஞ்ச காலம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டினார். அங்கே நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கள் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிப் போட்டார். கடிதம் நன்றாக இருக்கிறதே என்று ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. "என்னா டெஸ்க்கு" என்பார். ஆசிரியரை, அவர் முகத்துக்கு நேராகவே, "முசே" என்பார். பழைய பிரெஞ்சுக்காரத் துரைகளை ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். ஆசிரியர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அது மரியாதைதானா என்று நான் கேட்டதற்கு, "மாசம் பொறந்து சம்பளம் வந்தா மரியாதைதான், இருவதாந்தேதிக்கு மேல கிண்டல்" என்றார்.

மற்ற நிருபர்கள் எல்லாம் கணினியில் தட்டி அனுப்ப ஆரம்பித்த பிறகும் கலிவரதன் பேனாவை விடவில்லை. வண்டி சீட்டின்மேல் தாளை வைத்து எழுதுவார். தாள் கிடைக்காவிட்டால் கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் எழுதுவார். எழுதியதை ஃபோனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். நான் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். கொழுத்த எழுத்து, பக்கத்துக்குப் பத்து வரிதான் பிடிக்கும். நான் குறைப்பட்டுக்கொண்டாலும் உள்ளூர எனக்கு அது வசதி. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

அந்த எழுத்து சிறுக ஆரம்பித்ததை முதலில் பார்த்தவன் நான்தான். முதலில் வரியின் கடைசியில் மட்டும் பொடியாக இருந்தது. பிறகு முழுவதுமே பொடியாகி, எறும்பு போன வழியாக ஆகிவிட்டது. "என்ன கலி, பேப்பர் விலை ஏறிடுச்சா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போது வலது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அதுவரை அவர் பைக்குள் கை விட்டு நின்று நான் பார்த்ததில்லை.

நடுக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கலிவரதன் கேட்டுக்கொண்டார். கடற்கரைச் சாலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னார். மருந்து இருக்கிறது, இப்போதெல்லாம் நிறைய பேர் சமாளிக்கிறார்கள் என்று ஏதோ சொன்னேன்.

"சாவறதுக்கு பயம்லாம் இல்ல டெஸ்க்கு" என்றார். "முன்னாள்னு ஒரு வார்த்த இருக்குது பாருங்க, அதாம் பயம். முன்னாள் எம்.எல்.ஏ., முன்னாள் தலைவரு, எத்தினி பேர எழுதிருக்கன். ஆறாம் பக்கத்துல ஒரு மூலையில போடுவீங்க. எனக்கும் அதப் போட்டுறப் போறீங்க."

"நான் போட மாட்டேன்" என்றேன்.

"நீங்க போடுவீங்க. முசே சொன்னா போடுவீங்க" என்றார்.

பேனா போய்விட்டதே, ஃபோனில் தட்டலாம் என்று பார்த்தார். ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்துகளும் சேர்ந்து விழுந்தன. ஒரு சாலை விபத்துச் செய்தியைத் தட்டி முடிக்க அரை நாள் ஆயிற்று. அதற்குள் மற்ற பத்திரிகைக்காரர்கள் அடிபட்டவரின் சொந்தக்காரரைப் பேட்டி எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வழி காட்டியது அஞ்சலாட்சி. அவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். ஃபோனில் தட்டி எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. கீபோர்டில் இருக்கும் மைக் படத்தை அமுக்கிவிட்டு, "நாளைக்கி எனக்கு லீவு, ஊர்ல தலதெவசம்" என்று சொல்வார். அது எழுத்தாகி சூப்பர்வைசருக்குப் போய்விடும். அடுப்படியில் நின்று மனைவி இப்படிப் பேசிக்கொண்டிருந்ததைக் கலிவரதன் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். அது எழுதுவது என்று அவருக்குத் தோன்றியதில்லை. ஒரு நாள் தோன்றிவிட்டது.

"ஏம்மே, இது நம்ம பேச்சல்லாம் எழுதுதே, பத்திரிக பேச்ச எழுதுமா?" என்று கேட்டாராம்.

"கேட்டுப் பாருங்க. அது என்னா, வாணாம்னா சொல்லப்போவுது" என்றாராம் அஞ்சலாட்சி.

எழுதியது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நாம் பேசுகிற மாதிரி பேசினால் பேச்சுத் தமிழாகவே எழுதியது. பத்திரிகைத் தமிழ் வேண்டும் என்றால் பத்திரிகைத் தமிழை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆகவே முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, "வந்துட்டன், போறன்" என்று பேசுகிற மனுஷர், நடுத்தெருவில் ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு, "நேற்று மாலை அவ்வழியே வந்த சரக்கு வாகனம் எதிர்பாராத விதமாக" என்று முழங்க ஆரம்பித்தார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு "ரேடியோ" என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில், "ரேடியோ, இன்னிக்கி என்னா நியூசு?" என்று கூப்பிட்டே கேட்டார்கள்.

வண்டிச் சத்தம் இருந்தால் ஃபோன் திணறும். அமைதியான இடம் தேடி அலைந்து கடைசியில் ஏ.டி.எம். அறையைக் கண்டுபிடித்தார். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், உள்ளே ஒருவர்தான். மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒரு கொலைச் செய்தியை முழுவதும் சொல்லி முடித்திருக்கிறார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கலைந்து போய்விட்டார்களாம். காவலாளி, "சார், ஒண்ணு துட்டு எடுங்க, இல்ல வெளிய வாங்க. உள்ள நின்னு வெட்டுன்றீங்க, குத்துன்றீங்க, எனக்கே கை கால் நடுங்குது" என்றாராம். "நமக்கு ஏற்கெனவே நடுங்குது, நீ பரவால்ல" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கலிவரதன் என்னிடம் சொன்னார். கை நடுக்கத்தை வைத்து அவர் அடித்த முதல் கிண்டல் அது. நான் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

எனக்கு வந்து சேர்ந்த செய்திகளில் முற்றுப்புள்ளி கிடையாது. தலை எது, வால் எது என்று நான்தான் வெட்டிச் சேர்க்க வேண்டும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: வாக்கியங்கள் சுருங்கிவிட்டன. சொன்னதைத் திருத்த விரல் வராது. ஒரு சொல்லை அழிக்கப் போனால் ஒரு பத்தியே போய்விடும். அதனால் கண்ணை மூடி முழுவதையும் மனசுக்குள் கட்டிக்கொண்ட பிறகுதான் மைக்கை அமுக்குவார். எத்தனையோ வருஷம் நான் சிவப்பு மையால் அடித்தும் போகாத "என்பது குறிப்பிடத்தக்கது" என்ற வால் தானாகவே அறுந்து விழுந்தது. ஏன் என்று கேட்டேன்.

"வாயால சொல்லிப் பாருங்க டெஸ்க்கு. நமக்கே சிரிப்பு வருது" என்றார்.

இவ்வளவும் வேடிக்கை. இனிச் சொல்லப்போவது வேடிக்கை இல்லை.

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறை. பிரஸ் மிஷினில் ஒரு தொழிலாளியின் வலது கை சிக்கி விரல்கள் போய்விட்டன. அவர் பெயர் செல்வராசு, சேதராப்பட்டுப் பக்கத்து ஆள். கலிவரதன் காவல் நிலையத்தில் விவரம் கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலில் படுத்திருந்தவரிடம் பெயர், ஊர், வயது சரிபார்த்தார். பிறகு அங்கேயே ஜன்னலோரம் நகர்ந்து, கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு, மைக்கை அமுக்கிச் சொல்ல ஆரம்பித்தார். "இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தபோது கவனக்குறைவால் அவரது வலது கை..."

எங்கள் பத்திரிகையில் எல்லா ஆலை விபத்தும் கவனக்குறைவுதான். காவல் நிலையத்தில் அப்படிச் சொல்வார்கள், நிருபர் அப்படி எழுதுவார், நான் அப்படி அச்சுக்கு அனுப்புவேன். யாரும் யோசித்துப் போட்ட சொல் அல்ல அது. பேனா தானாகப் போட்டுவிடும்.

"சார்" என்று கட்டிலிலிருந்து செல்வராசு கூப்பிட்டார். "யாருக்கு சார் கவனக்குறைவு?"

கலிவரதன் திரும்பிப் பார்த்து, "ஸ்டேஷன்ல அப்டித்தாம்பா சொன்னாங்க" என்றார்.

"ஸ்டேஷன்ல இருக்கறவங்களா மிஷின்கிட்ட நின்னாங்க? நான்தான நின்னன். என்னெ பேரு கேட்டீங்க, ஊரு கேட்டீங்க, வயசு கேட்டீங்க. என்னா நடந்துதுன்னு கேக்கவே இல்லியே சார்."

பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்த அவர் மனைவி, "நாளைக்கி இந்தப் பேப்பரத்தான் சார் எடுத்துக் காட்டுவாங்க. ஒன் கவனக்குறைவு, வூட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க" என்றார். அழவில்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாராம்.

கலிவரதன் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். கை உள்ளே போகாதபடி மிஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டாம். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி ஓரமாக வைத்திருந்தார்களாம். அதை மாட்டச் சொல்லி செல்வராசு ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கலிவரதன் கண்ணை மூடி மறுபடியும் கட்டினார். இந்த முறை ஜன்னலோரம் போகாமல் கட்டிலருகிலேயே உட்கார்ந்து சொன்னார். சொல்லி முடித்ததும், "செரியா?" என்று கேட்டார். செல்வராசு தலையசைத்தார்.

அதோடு விடவில்லை. பட்டறை முதலாளிக்கு ஃபோன் போட்டு அவர் தரப்பையும் கேட்டார். தடுப்பைப் பராமரிப்புக்காகத்தான் கழற்றினோம் என்றார் முதலாளி. அதையும் அவர் காதிலேயே சொல்லிக் காட்டி, "செரியா முசே?" என்று கேட்டுத்தான் அனுப்பினார். இரண்டு தரப்பும் அச்சாயிற்று. அடுத்த நாள் முதலாளி ஆசிரியரிடம் கோபித்துக்கொண்டார். ஆனால் என்ன தப்பு என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவரே கேட்டுச் சரி என்று சொன்ன செய்தி. விளம்பரத்தை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

செல்வராசுவின் வேலை போகவில்லை. கை ஆறியதும் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். எங்கள் செய்தியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்துக் காட்ட அவர்களிடம் ஒரு பேப்பர் இல்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்று மாலை கலிவரதன் டெஸ்க்குக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். தளும்பும் என்று தொடவில்லை.

"எத்தினி பேரு கையி, எத்தினி பேரு காலு. எல்லாத்துக்கும் கவனக்குறைவுன்னுதான் எழுதிருக்கன்" என்றார். "பேனாவுல எழுதறப்ப அது யாருக்குங் கேக்காது டெஸ்க்கு. இன்னிக்கி கேட்டுடுச்சி."

அன்றிலிருந்து அது அவர் வேலைமுறை ஆயிற்று. யாரைப் பற்றிய செய்தியோ, அவர் காதில் விழும்படி சொல்லித்தான் எழுதுவார். ஏ.டி.எம். அறையை விட்டுவிட்டார். பிடிபட்ட வண்டித் திருடனிடம்கூடச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அவன், "வயச கொறச்சிப் போடுங்க சார், பொண்ணு பாத்துனு இருக்காங்க" என்றானாம். அரசியல்வாதிகளுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருவர் தன் பெயருக்கு முன்னால் "மக்கள் தொண்டர்" என்று சேர்த்துச் சொல்லச் சொன்னார். "அந்த வார்த்த இந்த ஃபோன்ல வர்றதில்ல முசே" என்றார் கலிவரதன். வேறு ஃபோன் வாங்கித் தரவா என்று அவர் கேட்டதாகவும் கேள்வி.

எல்லாரும் மெச்சினார்கள் என்று சொன்னால் பொய். நேரம் ஆகிறது, அச்சு காத்திருக்கிறது, எல்லாரிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டா பத்திரிகை நடத்துவது என்று நானே கத்தியிருக்கிறேன். "சம்மதம் கேக்கல. காதுல போடறன். இல்லன்னு சொல்றதுக்கு ஒரு வழி இருக்கட்டும்" என்பார். தப்பு என்று யாராவது சொன்னால் விசாரிப்பார். சரியாக இருந்தால் அவர்கள் என்ன கத்தினாலும் மாற்ற மாட்டார்.

பிறகு அவர் பயந்தது நடந்தது. ஆசிரியர் கெட்டவர் அல்லர். ஆனால் நடுக்கம் காலுக்கும் இறங்கிவிட்டதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நிருபர் தடுமாறி விழுந்தால் பத்திரிகைக்குத்தான் பேச்சு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பொன்னாடை போர்த்தி, பழத்தட்டு கொடுத்து, மூன்று பேர் புகழ்ந்து பேசி அனுப்பி வைத்தார்கள். நிருபர் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்ற அந்தச் சொல் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு என் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் அனுப்பியது. முற்றுப்புள்ளி இல்லாமல், சுத்தமாக. நான் கூப்பிட்டு, "என்ன கலி இது?" என்றேன்.

"ஏன், பொன்னாட போத்திட்டா செத்துட்டன்னு அர்த்தமா? இன்னாரு எழுதுனதுன்னு போட வாணாம். துட்டும் வாணாம். நியூசு உண்மையான்னு மட்டும் பாருங்க" என்றார்.

உண்மையாக இருந்தது. போட்டேன். அடுத்த நாளும் வந்தது, போட்டேன். ஆசிரியருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துவிட்டார்.

வெளியே போக முடியாததால் ஊர்தான் அவரிடம் வந்தது. தெருவில் உள்ளவர்கள் வாசலில் நின்று சொல்வார்கள். பழைய சிநேகிதர்கள் ஃபோனில் சொல்வார்கள். அவர் விசாரித்து, கட்டி, சொல்லி அனுப்புவார். எல்லாம் சின்னச் சின்னச் செய்திகள். முதல் பக்கத்துக்கு வராது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த வியாதி கையோடும் காலோடும் நிற்பதில்லை. குரலையும் தின்னும். அலுவலக வாசலிலிருந்து டெஸ்க் வரைக்கும் கேட்ட அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. எதிரில் உட்கார்ந்தால் எனக்குக் கேட்கும், ஃபோனுக்குக் கேட்கவில்லை. மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு முயற்சி செய்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. நான் போயிருந்த அன்று என் கண் முன்னாலேயே மூன்று முறை அமுக்கிப் பார்த்துவிட்டு ஃபோனைக் கட்டில்மேல் கவிழ்த்துப் போட்டார். கை போனபோது நான் பார்க்காத முகத்தை அன்று பார்த்தேன்.

அஞ்சலாட்சிதான் ஃபோனை எடுத்தார். "எங்கிட்ட சொல்லுங்க. நான் சொல்றன்" என்றார்.

கலிவரதன் அஞ்சலாட்சியின் காதில் முணுமுணுப்பார். இவர் மைக்கில் உரக்கச் சொல்வார். முதல் வாரம் வீடே ரணகளம். அவர், "விழுந்துவிட்டது" என்பார். இவர், "வுழுந்துச்சி" என்பார். அவர் முறைப்பார். "ஒங்க ரேடியோ பாஷ எனக்கு வராது. எழுதறது நானு, திருத்தறதுக்குத்தான் அண்ணன் இருக்காரே" என்பார் இவர். நான் திருத்தினேன். போகப்போக ரேடியோ பாஷையும் இவருக்கு வந்துவிட்டது. பிஸ்கட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அந்த அம்மாள் என்னிடம் ஃபோனில் பேசும்போதே, "சம்பவ இடத்திற்கு" என்றெல்லாம் பேச ஆரம்பித்தார். வேலைமுறையையும் அவர் விடவில்லை. "அவங்க வூட்ல சொல்லிக் காட்டிட்டோம்ணே, செரின்னாங்க" என்று கடைசியில் ஒரு வரி வரும்.

திங்கட்கிழமை வந்தது கிணற்றில் விழுந்த ஆட்டைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டித் தூக்கிய செய்தி. ஆட்டுக்காரரை வீட்டுக்கு வரவழைத்துச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அது ஆடு அல்ல, கிடா என்று அவர் பிடிவாதமாக நின்று மாற்ற வைத்திருக்கிறார். ஆறு வரி. கலிவரதன் கொடுத்த கடைசிச் செய்தி அதுதான். அன்று மாலையே அச்சாகி, அஞ்சலாட்சி அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் விடிந்தபோது அவர் எழவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருந்தாலும் மாற்ற முடியாமல் இருந்த நடுக்கம் நின்றுபோய் இருந்தது. ஆசிரியர் அழைத்தார். "பத்து வரி குடுங்க. இன்னிக்கி இதழ்லியே போட்டுடலாம். முன்னாள் நிருபர்னு போட்டு, ஃபோட்டோ ஒண்ணு" என்றார். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் தட்ட ஆரம்பித்தேன். அவர் வாயால் எழுதிய காலம் முழுக்க நான் விரலால்தான் எழுதினேன். அந்த மைக்கை ஒரு முறையும் தொட்டதில்லை.

அஞ்சலாட்சி பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "அவரப் பத்தியாண்ணே எழுதறீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப ஏன் இங்க குந்திகினு கமுக்கமா எழுதறீங்க? வந்து அவருகிட்ட சொல்லி எழுதுங்க."

எழுந்து போனேன். அவர் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "கொஞ்சம் நிறுத்துங்கப்பா. அண்ணன் எழுதணும்." மேளம் நின்றது. எதற்கு நிறுத்தச் சொல்கிறார் என்று புரியாமல் தெருவும் பேச்சை நிறுத்தியது. பெட்டியின் தலைமாட்டில் நின்று மைக்கை அமுக்கினேன். சொன்னேன்: "புதுச்சேரி முதலியார்பேட்டையைச் சேர்ந்த முன்னாள் நிருபர் கலிவரதன்..."

"நேத்து நியூசு குடுத்த ஆளு இன்னிக்கி எப்டிண்ணே முன்னாள் ஆவாரு?"

அஞ்சலாட்சி கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு பெட்டிக்குள் பார்த்தேன். ஆசிரியரைக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அழித்தேன். அழிக்க ஒரே ஒரு விரல் போதுமாக இருந்தது.

மறுபடியும் மைக்கை அமுக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "புதுச்சேரி முதலியார்பேட்டையைச் சேர்ந்த நிருபர் கலிவரதன் இன்று அதிகாலை காலமானார்." சொல்லிவிட்டு, செரியா என்று கேட்பதுபோல் காத்திருந்தேன். 'இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. ஃபோனும் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பேச்சு எதுவும் வராததால் மைக் தானாக அணைந்தது.

அப்படியே அச்சாகியிருக்கிறது, கலி. முதல் பக்கத்தில்தான் போட்டேன். போய் வாருங்கள், நிருபரே.